அத்தானுக்கு விசா மறுத்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள்

"சித்தி, எப்பவோ ஹாஸ்டல்ல கஞ்சா அடிச்சிருக்கேன், அமெரிக்க விசாவுக்குப் போகும்போது கேட்டா சொல்லணுமா வேண்டாமா?" இப்படி ஒரு போன் அடிக்கடி வருகிறது. எல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல், பாளையங்கோட்டை. யாரோ ஒருவர் "அந்தச் சித்தி வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு, கேட்டுப் பாருல" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசி எனக்கு வாய் வலிக்கிறது, அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேர மட்டும் போட்றாத" என்றார்.

நான் பாளையங்கோட்டையில் நர்சிங் படித்துவிட்டு அந்த வேலையிலேயே அமெரிக்கா போனவள். முதலில் பச்சை அட்டை, பிறகு குடியுரிமை. அத்தான் என் சொந்த அத்தை மகன். எங்கள் கல்யாணம் ஊரே எதிர்பார்த்த ஒன்று, ஆச்சரியம் எதுவும் கிடையாது. ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், எனக்கு அது கல்யாணத்துக்கு முன்பே தெரியும்: அத்தான் கஞ்சா அடிப்பார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆரம்பித்தது, பெங்களூரில் வேலைக்குப் போனதும் சனிக்கிழமைப் பழக்கமாகி, நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் அது இல்லாமல் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் போய்விட்டது. போலீஸ் கேஸ் கிடையாது, வேலை போகவில்லை, கைநீட்டிக் கடன் வாங்கவில்லை. அவரைக் கணவர் என்ற முறையில் அழைத்துக்கொள்ள நான் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டு, மெடிக்கலுக்கு நாள் வாங்கிய சமயத்தில் அவராகவே நிறுத்தி ஒன்றிரண்டு மாதம் ஆகியிருந்தது.

மெடிக்கல் என்றால் நம் விருப்பத்துக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் போய்ச் செய்துகொள்வது இல்லை. தூதரகம் அங்கீகரித்த டாக்டர்கள் சில பெரிய நகரங்களில் மட்டும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனார். எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசிக் கணக்கு எல்லாம் முடிந்து கடைசியில் டாக்டர் கேட்டார், போதைப் பொருள் ஏதாவது பயன்படுத்தியது உண்டா என்று. இவர் உண்டு என்றார். எவ்வளவு நாள், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்தியதும் தூக்கம் கெட்டதா, எரிச்சல் வந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்கள், சுத்தமாக வந்தது. அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு இவர் சென்ட்ரல் பக்கம் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

பையன்களுக்குப் புரியாத முதல் இடம் இதுதான். சிறுநீரில் இல்லை என்றால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். எப்போதாவது தொட்டவன் உடம்பிலிருந்து கஞ்சா சில நாளில் போய்விடும், தினமும் அடித்தவனுக்கு அது கொழுப்பில் தங்கி ஒரு மாதம், அதற்கு மேலும் காட்டும். ஆனால் அந்த டாக்டர் பார்ப்பது இன்றைய சிறுநீரை மட்டும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எழுதிக் கொடுத்த விதிகள் இருக்கின்றன, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டை வைத்து அவர் கணக்குப் போட வேண்டும். அதில் 11 அறிகுறிகள் உண்டு. நினைத்ததைவிட அதிகமாகப் பயன்படுத்தினாயா, விட நினைத்தும் விட முடியவில்லையா, அளவைக் கூட்ட வேண்டி வந்ததா, விட்டதும் உடம்பு படுத்தியதா என்று போகும். ஓராண்டுக்குள் இரண்டு பொருந்தினாலே லேசான போதைப் பழக்கக் கோளாறு என்று பெயர் வந்துவிடும். கஞ்சா, அபின் மாதிரி அமெரிக்கச் சட்டப் பட்டியலில் உள்ள பொருளாக இருந்து, கோளாறு என்று எழுதப்பட்டு, விட்டு 12 மாதம் முடியாமலும் இருந்தால் அது கிளாஸ் ஏ. கிளாஸ் ஏ என்றால் விசா கிடையாது.

குடிக்கு அப்படி இல்லை, இது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். குடிப்பழக்கக் கோளாறு இருந்தாலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், அடித்தான் என்கிற மாதிரித் தீங்கு தரும் நடத்தை சேர்ந்தால்தான் கிளாஸ் ஏ. டாஸ்மாக்கில் தினமும் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தே போகிற எங்கள் தெரு அண்ணாச்சி இந்தக் கேள்வித்தாளில் தேறிவிடுவார்.

விசா நேர்காணல் மும்பையில். இந்த மாதிரி குடியேற்ற விசாவுக்கெல்லாம் நம் ஆட்கள் மும்பைக்குத்தான் ஓட வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வருகிற மும்பை ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறினால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வசதி, தங்குவதற்குக் கவலை இல்லை. தாராவியில் திருநெல்வேலி ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், எங்கள் சித்தப்பா வீடும் அங்கேதான். அந்தச் சந்திலிருந்து வெளியே வந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், அங்கேதான் அமெரிக்கத் துணைத் தூதரகம். சித்தி காலையிலேயே இட்லி அவித்துக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, "விசா அடிச்சிட்டு வாய்யா" என்று அனுப்பினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். மெடிக்கல் அறிக்கையைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், ஒரு தாளில் ஒரு கட்டத்தை டிக் அடித்து நீட்டிவிட்டார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212ஆம் பிரிவில் உடல்நலம் சம்பந்தமான உட்பிரிவு, போதைப் பழக்கம்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது நான் நைட் டியூட்டியில் இருந்தேன். ஒரு வரியும் எழுதவில்லை, படம் மட்டும். நான் அதைப் பெரிதாக்கி எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். ஏனென்றால் டிக் விழுகிற இடம்தான் இதில் தலையெழுத்து. உடல்நலக் கட்டத்தில் விழுந்தால் காலம் தீர்த்துவைக்கும். குற்றக் கட்டத்தில் விழுந்தால் அது வேறு கதை. பொய் சொன்னதற்கான கட்டத்தில் விழுந்தால் ஆயுளுக்கும் கூடவே வரும்.

குற்றக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தண்டனை வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. போதைப் பொருள் சட்டத்தை மீறினேன் என்று முறைப்படி ஒப்புக்கொண்டாலே அமெரிக்கச் சட்டப்படி தகுதி போய்விடலாம், அது எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும் சரி. நம் ஊரில் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 27ஆம் பிரிவு, கஞ்சா அடிப்பதற்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2002இல் அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பாஸ்கோகின் என்பவருடைய வழக்கு வந்தது. பிலிப்பைன்ஸ்காரர், விசா மெடிக்கலில் டாக்டரிடம் கஞ்சா அடித்ததைச் சொல்லியிருந்தார். டாக்டரிடம் சொன்னதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. அப்படி மாட்டினால் ஐ-601 படிவம் போட்டு விலக்குக் கேட்கலாம், அதுவும் 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா, சொந்த உபயோகம், ஒரே ஒரு தடவை என்றால்தான். அதைத் தாண்டினால் குடியேற்ற விசாவுக்குக் கதவே கிடையாது. படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேறு விதமான தற்காலிக விலக்கு உண்டு, அது அதிகாரிகள் மனசு வைத்தால்.

அப்படியானால் பொய் சொல்வதுதான் புத்திசாலித்தனம் இல்லையா என்று கேட்பீர்கள். ஜங்ஷன் பக்கத்தில் விசா ஆலோசகர் என்று போர்டு மாட்டிய ஒருவரும் அதையேதான் சொன்னார். "முதல்லயே இல்லன்னு சொல்லியிருக்கணும் தம்பி, இப்ப வேற டாக்டர்ட்ட புதுசா மெடிக்கல் எடுத்து, முன்னால சொன்னது தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு ஒரு லெட்டர் போட்டுருவோம்." அதற்கு ஒரு தொகை. கூடவே "கிளாஸ் ஏ-க்கு விலக்கு வாங்கித் தாரேன்" என்று இன்னொரு தொகை. குடியேற்ற விசாவில் போதைப் பழக்கக் கிளாஸ் ஏ-க்கு விலக்கு என்ற ஒன்றே கிடையாது. காசநோய்க்கு உண்டு, மனநலக் கோளாறுக்கு உண்டு, இதற்கு இல்லை. இல்லாத ஒன்றுக்குத்தான் அந்த மனுஷன் பில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் சொன்னதை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தால் பொய்க்கான அந்த மூன்றாவது கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். ஓராண்டில் தீர வேண்டியதை ஆயுளுக்கும் இழுத்துவிடுகிற யோசனை அது.

நான் அமெரிக்கக் குடிமகள் ஆயிற்றே, என் புருஷனுக்கு விசா மறுத்தால் கோர்ட்டுக்குப் போக முடியாதா என்று எனக்கும் ஒரு கோபம் இருந்தது. அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம், குடியேற்ற வழக்குகள் மட்டும் பார்ப்பவர். அவர் 2024 ஜூன் மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துச் சொன்னார். சாண்ட்ரா முன்யோஸ் என்ற பெண், அவரும் அமெரிக்கக் குடிமகள், அவரே வக்கீல். எல் சால்வடாரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டுக் கணவரை நாட்டுக்குள் கொண்டுவருவது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்று 6க்கு 3 என்று தீர்ப்பாகிவிட்டது. "வழக்கில் பணத்தை விடாதீர்கள், டெஸ்ட்டுக்குச் செலவழியுங்கள்" என்றார் வக்கீலம்மா. அந்த ஒரு மணி நேர ஃபீஸுக்கு அந்த வாக்கியம் போதும்.

அவர் சொன்னதில் முக்கியமானது இன்னும் இரண்டு. ஒன்று, 12 மாதக் கணக்கு விசா மறுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து ஓடுகிறது, ஆனால் அதை டாக்டர் நம்புகிற மாதிரி காகிதம் வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தடையை நீக்கிக் காட்டிவிட்டால் விண்ணப்பக் கட்டணம் 325 டாலரைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. இரண்டு, கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், கேட்காததை வாக்குமூலம் மாதிரி எழுதிக் கொடுக்காதீர்கள். எத்தனை கிராம், யாரிடம் வாங்கினாய் என்று நினைவில்லாததை ஊகித்துச் சொல்வதும், மன்னிப்புக் கடிதம் என்று நான்கு பக்கம் எழுதி, "நான் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தேன்" என்று நாமே நம் கையால் பட்டம் சூட்டிக்கொள்வதும் வேண்டாம். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் உருகி உருகி எழுதுவார்கள். அத்தானும் ஒன்று எழுதி வைத்திருந்தார், நல்ல தமிழில், அழுகை வருகிற மாதிரி. அதை அனுப்பவில்லை.

நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்பாசமுத்திரம் பக்கம் அத்தை வீட்டில்தான் அந்த வருஷத்தில் பெரும்பகுதி. அவர் வீட்டிலிருந்தே பெங்களூர் வேலையைப் பார்த்தார். பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவர் கிடைத்தார், அலட்டாத மனுஷன். மாதாமாதம் பேச்சு, முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று ஒரு நாள் காலையில் லேபிலிருந்து போன் வரும், இன்றைக்கே வந்து சிறுநீர் கொடு என்று. அந்தத் "திடீரென்று" என்பதுதான் அறிக்கைக்கு மதிப்பு. நாமே நாள் பார்த்துக் கொடுக்கிற டெஸ்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள். லேப் அறிக்கைகளுக்கு நடுவே எங்கள் மன நிம்மதிக்காக நான் கடையில் டெஸ்ட் கிட் வாங்கி வீட்டிலும் பார்ப்பேன். அதில் இரண்டு கோடு வந்தால் போதைப் பொருள் இல்லை என்று அர்த்தம், இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் இல்லை என்றுதான் அர்த்தம், ஒரே கோடு என்றால்தான் கவலை. ஒருநாள் குளியலறைத் திண்டில் வைத்ததை எடுக்க மறந்துவிட்டேன். அத்தை அதைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஏட்டி, ரெண்டு கோடு வந்துருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று ஓடி வந்தாள்.

அதுவரை வீட்டில் சொல்லியிருந்தது "ஒரு பேப்பர் குறையுதாம், திருப்பிக் கூப்பிடுவாங்க" என்பதுதான். கையில் கிட்டோடு நிற்கிற அத்தையிடம் அதற்கு மேல் என்ன கதை கட்டுவது. அத்தான்தான் சொன்னார், அடுப்படியில் வைத்து, நின்றபடியே. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இவ மாசமா இல்லையா?" அழுகை, திட்டு, "எந்த மூதி பழக்கிவிட்டான்" எல்லாம் அதற்குப் பிறகுதான். மாமா இரண்டு வாரம் மகனோடு பேசவில்லை. வயலுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். ஆடியில் சுடலைமாடன் கோயில் கொடை வந்தது. சாமிக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பதில் கூச்சம் கிடையாது, படைத்ததை எடுத்துக் குடிப்பவர்கள் மேலும் யாருக்கும் கோபம் கிடையாது. மகன் கஞ்சா அடித்தான் என்பது மட்டும் வெளியே சொல்லக் கூடாத வியாதி. கொடையன்று ராத்திரி மாமாவாகவே வந்து அத்தானிடம் கேட்டார், "இப்ப இல்லல்லா?" "இல்லப்பா." "சரி." அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து மாமா வேறு விதமாக இறங்கிவிட்டார். வி.ஏ.ஓ.விடம் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ், பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒன்று, பழைய தலைமையாசிரியரிடம் ஒன்று, எல்லாவற்றிலும் வட்ட முத்திரை. ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கிளாஸ் ஏ விஷயத்தில் அந்தக் காகிதங்களால் ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை. அதை அவரிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அதனால் ஃபைலின் கடைசியில் அவற்றையும் வைத்துத்தான் கொண்டுபோனோம். பிரயோஜனப்பட்டவை மனநல மருத்துவரின் அறிக்கை, தேதி வாரியாக லேப் முடிவுகள், வேலை ஒழுங்காகப் போகிறது என்று கம்பெனி கொடுத்த கடிதம், அவ்வளவே. போலீஸ் சான்றிதழைப் புதிதாக எடுத்துக்கொண்டோம். கேஸ் எதுவும் இல்லாததால் அதில் சிக்கல் வரவில்லை.

விட்ட பிறகு உடம்பு எப்படி இருந்தது என்று பையன்கள் கேட்பதே இல்லை, விசாவை மட்டுமே கேட்கிறார்கள். முதல் சில வாரம் தூக்கம் வராது, வந்தால் கண்ட கண்ட கனவு, சாப்பாடு இறங்காது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். கஞ்சாவை விட்டால் ஒன்றும் செய்யாது என்பது ஹாஸ்டல் ஞானம். அத்தானுக்கு நிஜமாகக் கஷ்டமாக இருந்தது விட்ட புதிதில் இல்லை, நடுவில். விடிந்தால் லேப்பில் இருந்து போன் வருமோ என்று உட்கார்ந்திருப்பது, பெங்களூர் நண்பன் கல்யாணத்துக்குப் போனால் அந்த ரூமில் புகை இருக்குமே என்று போகாமலே இருந்துவிட்டு அவனிடம் காய்ச்சல் என்று சொன்னது. சாயங்காலமானால் ஆற்றுப் படித்துறைக்குப் போய்விடுவார். தாமிரபரணியில் அரைமணி நேரம் கிடந்து எழுந்து வந்தால் அன்றைக்குத் தூக்கம் வரும் என்பார். மருத்துவர் கொடுத்த மாத்திரையைவிட அதைத்தான் நம்பினார். நர்ஸ் என்ற முறையில் நான் இரண்டையும் விடச் சொல்லவில்லை.

கணக்கு முடிந்ததும் தூதரகத்துக்கு ஈமெயில் போட்டு, அவர்கள் சொன்னபடி மறுபடி மெடிக்கல். மறுத்த நாளிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று வக்கீலம்மா காலண்டரில் குறித்து விரட்டிக்கொண்டே இருந்தார். அதே டாக்டரிடம்தான் போனோம், வேறு ஆளைத் தேடவில்லை. அவர் ஃபைலைப் புரட்டினார், லேப் தேதிகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு என்று விரலை வைத்துப் பார்த்தார், அவர் பங்குக்கு ஒரு சிறுநீர் டெஸ்ட், மறுபடியும் அதே கேள்விகள். பதில்களும் அதே பதில்கள். பொய் சொல்லியிருந்தால் போன தடவை என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு திணறியிருக்க வேண்டும். இந்த முறை கிளாஸ் பி என்று எழுதினார், அதாவது கோளாறு இருந்தது, இப்போது 12 மாதத்துக்கு மேல் அடங்கியிருக்கிறது, விசாவுக்குத் தடையில்லை. மும்பையில் அதிகாரி கஞ்சாவைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி, கடைசியாக எப்போது என்று. சொன்னார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவின் மஞ்சள் பைக் காகிதங்களை யாரும் கேட்கவில்லை.

மாணவர் விசாவுக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 2025 ஜூனிலிருந்து உங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கிற மாதிரித் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். கொடைக்கானல் டூரில் கையில் ஜாயின்ட்டோடு நிற்கிற படத்தைப் போட்டவன் எனக்கு போன் பண்ணி "சித்தி, சொல்லணுமா" என்று கேட்பதில் அர்த்தமில்லை. படத்தை அழித்துவிட்டு "இல்லவே இல்லை" என்று சாதிக்கலாமா என்றால், அந்த மூன்றாவது கட்டத்தை மேலே போய் இன்னொரு தரம் படியுங்கள். ஹாஸ்டலில் ஒரு தடவை இழுத்து இருமிவிட்டு விட்டவனுக்கு டிஎஸ்எம் கணக்கில் கோளாறு என்று பெயர் வருவது கடினம். ஆனால் குற்றக் கட்டம் அவனுக்கும் உண்டு, அதனால் மெடிக்கலுக்கோ நேர்காணலுக்கோ முன்பே ஒரு நல்ல குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். போர்டு மாட்டியவர்களிடம் வேண்டாம்.

வந்து சேர்ந்த பிறகும் விஷயம் முழுதாக முடியவில்லை. நாங்கள் இருக்கிற மாநிலத்தில் கஞ்சாவைக் கடை போட்டு, கண்ணாடி அலமாரியில் அடுக்கி, பில் போட்டு விற்கிறார்கள். மாநிலச் சட்டம் அது. குடியேற்ற விவகாரத்துக்குக் கூட்டாட்சிச் சட்டம்தான், அதில் 1970இலிருந்து இது தடைப் பட்டியலில் உள்ள பொருள். பச்சை அட்டைக்காரன் அந்தக் கடையில் ஒரு மிட்டாய் வாங்கித் தின்றாலும் குடியுரிமை கேட்கும்போது, வெளிநாடு போய்த் திரும்பும்போது என்று எங்கேயும் மாட்டலாம். 2019இல் குடியுரிமைத் துறையே இதை எழுத்தில் சொல்லியிருக்கிறது. அத்தான் ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மிட்டாய்களை நீட்டுவார்களாம், இவர் "பல்வலி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். குடியுரிமை வரும் வரைக்கும் பல்வலி இருக்கும் போல.

போன வாரம் வீடியோ காலில் அத்தை எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டுப் பதறினாள். "ஏல, அங்கன கடையிலயே வச்சி விக்கானாம்லா? நீ அந்தத் தெருப் பக்கமே போவாத."

"யம்மா, அந்தக் கடையத் தாண்டித்தான் பருப்பு வாங்கவே போணும்."

"அப்ப பருப்ப நான் பார்சல் போடுதேன்" என்றாள் அத்தை. போட்டும்விட்டாள், துவரம்பருப்பு ஐந்து கிலோ.